இடது கையில் காயம் உண்டா?

1

இன்னைக்கு எங்க அப்பாவுக்கு முதல் வருசத் திதி. மதுரை கோச்சடையில என் தங்கச்சி வசந்தி காலையிலேயே பச்சரிசி, வாழைக்காய் எல்லாம் வாங்கிக் குடுத்து முடிச்சிட்டு எனக்குப் போட்டோ அனுப்பிட்டா. நான் இருந்து செய்யவேண்டிய காரியம். ஒரே மகன். ஆனா நான் இங்க, ஜெர்மனியோட வடக்குல ஒரு சின்ன டவுன்ல, ஒரு விளையாட்டு ஹாலைத் திறந்து, தரையைத் துடைச்சு, லைட்டைப் போட்டுக்கிட்டு நின்னேன்.

பதினெட்டு வருசம் நாலு நாட்டுல ஹேண்ட்பால் ஆடினவன் இப்படி ஆயிட்டானேன்னு யாரும் உச்சுக் கொட்ட வேணாம். வேலை நல்ல வேலை. சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு கோச்சும் நான்தான். என் பிரச்சினை அது இல்ல. என் பிரச்சினை மத்தியானம் மகளோட ஸ்கூல் பையில ஒரு கவரா வந்துச்சு.

மகள் பேரு மீனா. ஒன்பது வயசு. அப்பா வச்ச பேரு. இந்த வருசம் அவளுக்குப் புது டீச்சர். அந்தம்மா எழுதியிருக்காங்க: பழைய நோட்டுகளைப் பார்த்தா உங்க பிள்ளை இடது கையால எழுதினவள்னு தெரியுது. இப்போ வலது கையால எழுதுறா. எழுத்து கோணலா இருக்கு, மணிக்கட்டு வலிக்குதுங்கிறா, ஆனா இடது கையை எடுக்க மாட்டேங்குறா. ஏதாவது நடந்துச்சா?

கூடவே ஒரு ஃபாரம். இந்த நாட்டுல ஃபாரம் இல்லாம தும்ம முடியாது. இடது கையில் காயம் உண்டா, ஆம், இல்லை. ஆம் என்றால் எங்கே, எப்போது, எப்படி, யாரால். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம்.

என் பொண்டாட்டி மிரெலாகிட்ட நீட்டினேன். அவ ருமேனியாக்காரி. படிச்சுப் பார்த்துட்டு ஃபாரத்தை என் பக்கமே தள்ளிவிட்டா. "நீயே எழுது. உனக்குத்தான் தெரியும்."

தெரியும். பேனாவை எடுத்து வச்சுட்டு ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கு இதை எழுதுறது கொஞ்சம் சுலபமா இருக்கு. அதனால முதல்ல உங்களுக்கு எழுதுறேன்.

2

நான் பிறவி இடது கைக்காரன். நம்ம ஊர்ல அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும். பீச்சாங்கை. தெருவுல கல் எறிஞ்சாலும் பீச்சாங்கை, கடையில மிட்டாய்க்குக் கை நீட்டினாலும் பீச்சாங்கை.

அப்பா திருமங்கலம் தாலுகா ஆபீஸ்ல கிளார்க். கோச்சடையிலருந்து தினமும் பஸ்ல போய்ட்டு வருவாரு. கையெழுத்துன்னா அம்புட்டு அழகு. அவர் எழுதின மனுவை ஆபீஸரே இன்னொருத்தருக்குக் காட்டுவாருன்னு அம்மா பெருமையாச் சொல்லும். ஆபீஸ்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு இடது பெருவிரலைப் பிடிச்சு மையில உருட்டிக் கைநாட்டு வாங்குறதும் அவர் வேலைதான். அதனாலயோ என்னமோ, "இடது கை எதுக்குடா இருக்கு? கழுவுறதுக்கும் கைநாட்டுக்கும்" அப்படிம்பாரு.

எனக்கு ஏழு வயசு. ஒரு நாள் காலையில திருநீறு குடுத்தாரு. நான் அவசரத்துல இடது கையை நீட்டிட்டேன். அவர் கையை மூடிக்கிட்டாரு. நான் வலது கையை நீட்டுற வரைக்கும் திறக்கல. அன்னைக்கு மத்தியானத்துலருந்து சாப்பாட்டு நேரத்துல என் இடது கையை அவரோட துண்டால ஜன்னல் கம்பியில கட்டிருவாரு. அடிக்கல. ஒரு அடி கூட அடிச்சதில்ல. பக்கத்துலயே உட்கார்ந்து, நான் வலது கையால தடுமாறித் தடுமாறி உருட்டுறதைப் பொறுமையாப் பார்த்துக்கிட்டு இருப்பாரு. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்டா முருகேசா. இப்பப் பழகலேன்னா எப்பவும் பழக மாட்ட."

ரெண்டு மாசத்துல பழகிட்டேன். இன்னைக்கு வரைக்கும் சாப்பிடறது, எழுதறது வலது கை. அவர் சொல்லிக் குடுத்த கையெழுத்துத்தான் எனக்கும். எறியறது மட்டும் இடது. எறியும்போது பார்க்க அவரு கிரவுண்டுக்கு வரலையே, அதனால தப்பிச்சுச்சு.

3

ஹேண்ட்பால்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். கையால பந்தை எறிஞ்சு கோல் போடணும். கோர்ட்டோட வலது ஓரத்துலருந்து எறியணும்னா வலது கைக்காரனுக்குக் கோல் பாதிதான் தெரியும். இடது கைக்காரனுக்கு முழுசாத் திறந்து கிடக்கும். அதனால எந்த டீமா இருந்தாலும் ஒரு இடது கைக்காரனைத் தேடும். கிடைக்கிறது கஷ்டம்.

எங்க ஸ்கூல் கிரவுண்டுல கோலுக்கு வலையே கிடையாது. எறிஞ்ச பந்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிப் போய் எடுத்துட்டு வரணும். அங்க பீ.டி. வாத்தியார் ஒரு நாள், "டேய் பீச்சாங்கை, நீ வலது ஓரத்துல நில்லு" அப்படின்னாரு. அம்புட்டுத்தான். அந்த ஓரத்துலயே பதினெட்டு வருசம் நின்னுட்டேன்.

விளையாட்டுக் கோட்டாவுல சென்னையில ஒரு கவர்மெண்ட் வேலை கிடைச்சுச்சு. அப்பாவுக்கு வாழ்க்கையிலேயே நான் குடுத்த பெரிய சந்தோசம் அதுதான். ஆறு வருசம் கழிச்சு அதை விட்டுட்டு கத்தாருக்கு ஆடப் போறேன்னு வந்து நின்னேன். "பந்து எறியுறதுக்கா கவர்மெண்ட் வேலைய விடுற?" அப்படின்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. அப்புறம் திருநீறு எடுத்துட்டு வந்தாரு. வலது கையை நீட்டி வாங்கிக்கிட்டேன். ஊருக்கு யார் கிளம்பினாலும் அவர் குடுக்கிற திருநீறு இல்லாம வாசல் தாண்டக் கூடாது. அது எங்க வீட்டுச் சட்டம்.

கத்தார்ல ரெண்டு வருசம், ருமேனியாவுல ஐஞ்சு, ஜெர்மனியில ஐஞ்சு. ஒவ்வொரு ஊர்லயும் நான் முதல்ல கத்துக்கிட்ட வார்த்தை என்ன தெரியுமா? 'இடது'. வட இந்தியாவுல கேம்ப்ல இந்தியில "பாயா"ன்னு கத்துவாங்க. தோஹாவுல "யசார்". ருமேனியாவுல "ஸ்துங்கா". இங்க "லிங்க்ஸ்". தண்ணி குடுன்னு கேக்கத் தெரியாது, பசிக்குதுன்னு சொல்லத் தெரியாது, இடதுன்னா திரும்பிப் பார்ப்பேன். முருகேசன் வேணும்னு எந்த கிளப்பும் கேக்கல. இடது கைக்காரன் ஒருத்தன் வேணும், சீக்கிரம் வேணும், அதான் கேட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல. சந்தையில மாடு பார்க்கிறவன் மாட்டோட பேரையா கேப்பான்?

பந்து வழுக்காம இருக்க விரல்ல பைன் மரத்துப் பிசின் தடவுவோம். ஆட்டம் முடிஞ்சு எம்புட்டுக் கழுவினாலும் ரெண்டு மூணு மணி நேரத்துக்குப் போகாது. இடது கையில பிசின் ஒட்டிக்கிட்டு இருக்கும்போது வலது கையாலதான் எல்லாம் செய்யணும். ருமேனியாவுல முதல் பனிக்காலம், ஒரு மேட்ச்சுல பதினோரு கோல் போட்டுட்டு, அந்தப் பிசின் கையோட அப்பாவுக்கு போன் பண்ணினேன்.

"பதினோரு கோல்ப்பா!"

"எந்தக் கையால?"

"இடது கையாலத்தான்."

"ம். சாப்ட்டியா?"

எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அன்னைக்கு அந்த ஊர்க்காரங்க என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. பெத்த மனுசன் சாப்ட்டியாங்கிறாரு. தெருவுல யாராவது கேட்டா, "பையன் வெளிநாட்டுல ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்ட்ல இருக்கான்"னு சொல்லுவாராம். வசந்தி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அம்மா தவறினப்ப நான் ருமேனியாவுலருந்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அப்பவும் அப்பா ஒண்ணும் சொல்லல. மறுபடி கிளம்பும்போது திருநீறு குடுத்தாரு.

அந்த ருமேனியாவுலதான் என் தோள்பட்டை முதல்ல கழண்டுச்சு. அதைப் பிடிச்சுவிட வந்தவதான் மிரெலா. பிசியோதெரபி பாக்குறவ. இங்க வந்தப்புறம் அதே தோளுக்கு ரெண்டு ஆபரேசன். முப்பத்தாறு வயசுல போதும்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு இடது கையைத் தலைக்கு மேல தூக்கினா நடுங்கும். பதினெட்டு வருசம் சோறு போட்ட கை.

4

போன வருசம் பங்குனியில அப்பாவுக்கு பக்கவாதம். வலது பக்கம் முழுசா விழுந்துருச்சு. பேச்சும் போச்சு. "ஆ", "ஊ"ன்னு ரெண்டு சத்தம்தான்.

நான் உடனே கிளம்பியிருக்கணும். என் பாஸ்போர்ட் முடிஞ்சு, புதுசுக்குக் குடுத்திருந்த நேரம். அது வந்தாத்தான் இந்த நாட்டுல தங்குறதுக்கான கார்டைப் புதுப்பிப்பாங்க. கார்டு இல்லாம வெளிய போனா திரும்பி உள்ள வர முடியாது. பாஸ்போர்ட் விசாரணைக்குன்னு கோச்சடை வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்திருக்காரு. கட்டில்ல கிடக்கிற அப்பாவைப் பார்த்துட்டு, "பையன் எப்பங்க வாராரு?"ன்னு கேட்டாராம். வசந்தி, "நீங்க கையெழுத்துப் போட்டாத்தாங்க வருவாரு" அப்படின்னிருக்கா. மூணு மாசம் ஓடிப்போச்சு.

அந்த மூணு மாசமும் வீட்டுல ஒரு போராட்டம். வசந்தி ஊட்டினா வாய் திறக்க மாட்டாரு. பல்லைக் கடிச்சுக்குவாரு. இடது கை நல்லாத்தான் இருக்கு, ஆனா அதைத் தட்டுப் பக்கம் கொண்டு போக மாட்டாரு. தொடையில வச்ச கை வச்சபடியே இருக்கும். பென்சனுக்கு உயிரோட இருக்காருன்னு காட்ட, பேங்க்லருந்து ஒருத்தர் மெசினோட வீட்டுக்கு வந்து இடது பெருவிரலை வைக்கச் சொன்னாரு. அன்னைக்கு அப்பா அழுதாருன்னு வசந்தி சொன்னா. அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. ஆளு கரைஞ்சுக்கிட்டே வந்தாரு. "இப்படியே போனா ஆடி தாண்ட மாட்டாருண்ணே"ன்னு வசந்தி போன்ல தேம்புவா. நான் இங்க ஹாலைத் துடைச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன்.

டிக்கெட் போட்ட வாரம் போன் வந்துச்சு. "அண்ணே! அப்பா தானா சாப்ட்டாருண்ணே! ரெண்டு இட்லி. இடது கையால. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன். நான் பார்க்கிறேன்னு தெரிஞ்சா நிப்பாட்டிருவாரோன்னு மூச்சுகூட விடல."

எனக்கு ஹால்லயே உட்கார்ந்து அழணும் போல இருந்துச்சு. அழுதேன்.

5

இப்ப என் தப்புக்கு வாரேன்.

மீனாவும் இடது கைக்காரி. இந்த நாட்டுல அதை யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. இடது கைக்குன்னே கத்திரிக்கோல் விக்கிறான். அவ தமிழ் நாலஞ்சு வார்த்தை பேசுவா, கேட்டா கொஞ்சம் புரியும். தாத்தாவை வீடியோவுல பார்த்ததோட சரி. ஊருக்குப் போறோம்னதும் எனக்கு ஒரே பதட்டம். பெரியவர் முன்னாடி இவ இடது கையை நீட்டிட்டா என்ன பண்றது? கிளம்புறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே பழக்க ஆரம்பிச்சேன். பிஸ்கட் குடுப்பேன். இடது கை வந்தா என் கையை மூடிக்குவேன். வலது கை வந்தாத்தான் திறப்பேன். அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி. "வலது கை நல்ல கை, இடது கை தப்பு" அப்படின்னு தமிழ்ல ராகம் போட்டுச் சொல்லிக்கிட்டே ஃபிளைட்ல வந்தா.

மிரெலா ஒரு தடவை கேட்டா: "உனக்குப் பைத்தியமா? உன் கை எங்களுக்குச் சோறு போட்டுச்சு. இவளுக்கு அது தப்புன்னு சொல்லித் தர்றியே?"

"கொஞ்ச நாளைக்குத்தான். பெரியவர் மனசு நோகக் கூடாது."

தாத்தாவுக்கு ஒரு பக்கம் வராதுன்னு மீனாகிட்ட சொன்னேன். எந்தப் பக்கம்னு சொல்லல. தாத்தா இப்ப இடது கையாலத்தான் சாப்பிடறாருன்னு சொல்லல. எப்படி மறந்தேன்? எனக்கே தெரியல. என் மூளையில அப்பாவும் இடது கையும் ஒண்ணா வரவே வராது போல. கிறுக்குப் பய நான்.

போய் இறங்கின முதல் ரெண்டு நாள் அப்பா தன் ரூமிலேயே தனியாச் சாப்ட்டாரு. எங்க முன்னாடி சாப்பிடக் கூச்சம். மூணாவது நாள், "ஊ, ஊ"ன்னு ஹாலைக் காட்டினாரு. பேத்தியோட உட்காரணுமாம். வசந்தி முகத்தைப் பார்க்கணுமே நீங்க. ஓடி ஓடி நாற்காலி போட்டா, ஸ்டூல் போட்டா, தட்டை வச்சா. தோள்ல துண்டோட வந்து உட்கார்ந்தாரு. வசந்தி, மிரெலா, நான் மூணு பேரும் பேசி வச்ச மாதிரி வேற வேற பக்கம் பார்த்துக்கிட்டோம். ரசம் சோறு மூணு வாய் சாப்ட்டாரு. பாதி மடியில சிந்துச்சு. வசந்தி சுவத்தைப் பார்த்துக்கிட்டே கண்ணைத் துடைச்சா.

அப்புறம் தட்டு ஓரத்துல இருந்த மைசூர்பாகுல ஒரு துண்டை எடுத்தாரு. நடுங்கிக்கிட்டே மீனா பக்கம் நீட்டினாரு. முகத்துல வேலை செய்யிற பாதி சிரிச்சுச்சு.

மீனா பளிச்சுன்னு இடது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டா. வலது கையை நீட்டினா. நான் சொல்லிக் குடுத்ததை ஒண்ணு விடாமச் செய்யிறோம்னு அவளுக்குப் பெருமை. பாவம், தாத்தாவுக்கு மட்டும் விளையாட்டு தெரியல, சொல்லிக் குடுப்போம்னு நினைச்சிருக்கா. நல்ல தமிழ்ல, தெளிவா, சத்தமாச் சொன்னா:

"தாத்தா, வலது கை. இடது கை தப்பு."

அப்பா கை அப்படியே நின்னுச்சு. இனிப்பைத் தட்டுல வச்சாரு. கையை மடிக்குக் கொண்டு போனாரு. தோள்ல கிடந்த துண்டை இழுத்து அந்தக் கை மேல போட்டு மூடிக்கிட்டாரு.

அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்? அவர் தட்டுலருந்து அந்த இனிப்பை என் இடது கையால எடுத்துத் தின்னிருக்கணும். மகளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான்தான்ப்பா சொல்லிக் குடுத்தேன்னு அப்பா கால்ல விழுந்திருக்கணும். நான் செஞ்சது என்ன தெரியுமா? ஒன்பது வயசு கூட ஆகாத பிள்ளையைப் பார்த்து, "ஏய்! வாய மூடு!"ன்னு கத்தினேன். வாழ்க்கையில முதல் தடவையா அவகிட்ட கத்தினேன்.

அவ அழல. ஜெர்மன்ல மெதுவாக் கேட்டா: "நான் சரியாத்தானே சொன்னேன்?"

"தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல. போய் விளையாடு." அம்புட்டுத்தான் சொன்னேன்.

6

அதுக்கப்புறம் நாங்க இருந்த பதினோரு நாளும் அந்தக் கை துண்டுக்குள்ளருந்து வெளிய வரல. வசந்தி ஊட்டினா. இப்ப வாயைத் திறந்தாரு, பல்லைக் கடிக்கல. எதுக்கும் எதிர்ப்பு காட்டல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. நானும் ஒரு நாள் ஊட்டிப் பார்த்தேன், வலது கையால. முகத்தைப் பார்க்காமலே ரெண்டு வாய் வாங்கிக்கிட்டாரு.

கிளம்புற அன்னைக்கு வாசல்ல கார் நிக்குது. வசந்தி திருநீற்றுத் தட்டைக் கொண்டு வந்து அப்பா முன்னாடி நீட்டினா. "அப்பா, அண்ணன் கிளம்புது. துன்னூறு பூசிவிடுங்க."

நான் குனிஞ்சு நின்னேன். மீனாவும் என் பக்கத்துல குனிஞ்சா. துண்டு ஒரு தடவை அசைஞ்சுச்சு. கை வரல. வசந்தி மறுபடியும், "எந்தக் கையா இருந்தா என்னப்பா" அப்படின்னா. அவர் கண்ணை மூடிக்கிட்டாரு. கத்தாருக்குப் போறப்ப குடுத்தவரு, அம்மா செத்துக் கிளம்புறப்பக்கூடக் குடுத்தவரு. நான் வெறும் நெத்தியோட கார்ல ஏறினேன். "வாரேன்ப்பா"ன்னு சொன்னேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்ல.

கார்த்திகையில தவறிட்டாரு. இந்தத் தடவை பாஸ்போர்ட்டு இருந்துச்சு, கார்டு இருந்துச்சு, ஐஸ் பெட்டியில வச்சு எனக்காகக் காத்திருந்தாங்க. தனியாத்தான் போனேன். சுடுகாட்டுல வாய்க்கரிசி போடுற நேரம். நான் அரிசியை வலது கையில அள்ளினேன். அங்க காரியம் பண்ற பெரியவர் என் கையைத் தடுத்தாரு.

"தம்பி, வலது கை ஆகாது. இடது கையால போடுங்க."

எங்க பக்கத்து வழக்கம் அது. சாவுக்கு எல்லாமே மாத்தித்தான். அம்மாவுக்கு நான் போடலையே, எனக்குத் தெரியாது. அரிசியை இடது கைக்கு மாத்தினேன். பிறந்ததுலருந்து அந்தக் கையால ஒரு பொருள்கூட அவர் என்கிட்ட வாங்கினதில்ல. "போடுங்க தம்பி, நேரமாகுது"ன்னாரு காரியம் பண்றவர். போட்டேன்.

7

இதுவரைக்கும் எழுதிட்டு எந்திரிச்சேன். மிச்சம் இன்னைக்கு சாயங்காலம் நடந்தது. இங்க நாலு மணிக்கே இருட்டிருது. அப்பா போட்டோவுக்கு முன்னாடி விளக்கு ஏத்தி, வசந்தி குடுத்துவிட்ட திருநீறை ஒரு கிண்ணத்துல வச்சிட்டு, மீனாவைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். உண்மையைச் சொல்றேன், இவ இடது கையை நிறுத்தினது எனக்கு டீச்சர் சொல்லித்தான் தெரியும்னு இல்ல. ஊர்லருந்து வந்ததும் சாப்பாடு வலது கைக்கு மாறுச்சு. நல்லதுதானேன்னு விட்டேன். அப்புறம் படம் வரையறது. அப்புறம் என் ஹால்லயே, என் கண்ணு முன்னாடியே, பந்தை வலது கையால எறிய ஆரம்பிச்சா. பந்து கோல் பக்கமே போகாது. கோச் நான்தானே? பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். கேட்டா அவ என்ன சொல்லுவான்னு பயம்.

இன்னைக்குக் கேட்டேன். "ஏன்டா இடது கையால எழுத மாட்டேங்குற?"

"வலது கைதான் நல்ல கை."

"யாரு சொன்னா?"

"நீதான்."

ஜெர்மன்லதான் பேசினோம். கிண்ணத்தைப் பார்த்துக்கிட்டே அவளே சொன்னா: "என்னாலதானே தாத்தா சாப்பிடாமப் போனாரு? அத்தை சொன்னாங்க."

அத்தை அவகிட்ட எதையும் சொல்லல. தாத்தா சாகுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி வசந்தி வீடியோவுல என்கிட்டத்தான் சொன்னா: "அன்னைக்கு அப்புறம் அவரு தானா ஒரு வாய் சாப்பிடலண்ணே." மீனா சோபாவுல படுத்துப் படம் பார்த்துக்கிட்டு இருந்தா. இவளுக்குத் தமிழ் எங்க புரியப் போகுதுன்னு நான் ஸ்பீக்கரைக் கூட அணைக்கல. பிள்ளைக்குத் தமிழ் வரல, தமிழ் வரலன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் புலம்பினேன். அந்த ஒரு வரி மட்டும் முழுசாப் புரிஞ்சிருக்கு. ஒரு வருசமா அதை மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வலது கையால எழுதியிருக்கா.

"உன்னால இல்லடா கண்ணு. என்னாலதான். நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். இடது கை தப்பே இல்ல." அப்புறம் சுடுகாட்டுல நடந்ததைச் சொன்னேன். சொல்லிட்டு, "தாத்தா கடைசியா வாங்கிக்கிட்டது என் இடது கையாலத்தான் தெரியுமா?" அப்படின்னேன்.

அவ யோசிச்சா. "அப்ப அவர் செத்துப் போயிருந்தாரே. எப்படி வேணாம்னு சொல்லுவாரு?"

பிள்ளைகிட்டப் பொய் சொல்ல வாய் வரல.

கிண்ணத்தை அவ பக்கம் தள்ளினேன். "எனக்குக் கொஞ்சம் திருநீறு பூசிவிடு. உனக்கு எந்தக் கை வருதோ அந்தக் கையால. தாத்தா அன்னைக்குக் குடுக்காம விட்டது." குனிஞ்சு கண்ணை மூடிக்கிட்டேன். விரல் நெத்தியில பட்டுச்சு. கோணலா, தடுமாறி, ஒரு கோடு. கண்ணைத் திறந்தேன். வலது கை. இடது கை முதுகுக்குப் பின்னால இருந்துச்சு. நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கேன்.

"சரியாப் பூசினேனா?"ன்னு கேட்டா.

"ரொம்பச் சரிடா"ன்னு சொல்லி அவளை இழுத்து மடியில வச்சுக்கிட்டேன். முதுகுக்குப் பின்னால இருந்த அந்தக் கையைப் பிடிச்சு என் இடது கைக்குள்ள வச்சுக்கிட்டேன். இழுத்துக்கல. ஆனா விரலை மூடவும் இல்ல.

அவ எந்திரிச்சுப் போனதும் ஃபாரத்தை எடுத்தேன். காயம் உண்டா? ஆம். எங்கே? மதுரை. எப்படி? சொல்லிக் கொடுத்ததால். யாரால்? என் பேரை எழுதினேன். எப்போதுங்கிற கட்டத்துல பேனா நின்னுருச்சு.

மிரெலா தோளுக்குப் பின்னால நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. "போன வருசம் ஊருக்குப் போனப்பன்னு எழுது" அப்படின்னா.

இல்லன்னு தலையாட்டினேன். 'எனக்கு ஏழு வயதில்'னு எழுதினேன். வலது கையால, அப்பா சொல்லிக் குடுத்த அழகான கையெழுத்துல.